மணல்ல வண்டி சிக்கினா, முதல்ல காலை எடுங்க

இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர், "ரோடு டிரிப் பத்தி ஒரு எபிசோட் போடுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. சரி, போட்டாச்சு. ஆனா எங்க போகணும், எங்க பிரியாணி நல்லா இருக்கும்னு சொல்ல ஆயிரம் சேனல் இருக்கு. அதனால நான் வேற ஒரு கேள்வியை எடுத்திருக்கேன். போன இடத்துல வண்டி மணல்ல மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது?

ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க. ஒரு தாரோ ஜிம்னியோ போகும், அதோட கூரையில ஆரஞ்சு கலர்ல ரெண்டு நீளப் பலகை கட்டியிருக்கும். மேல முழுக்க பல்லு பல்லா இருக்கும். அதுக்குப் பேரு ரெக்கவரி டிராக். சுருக்கமா பலகைன்னே வெச்சுக்கலாம். நம்ம ஊர்ல அது பாதி நேரம் கெத்துக்குத்தான் கட்டியிருக்கு. ஆனா ஆஸ்திரேலியாவுல, வளைகுடா பாலைவனத்துல, அது ஸ்டெப்னி மாதிரி. இல்லாம கிளம்ப மாட்டாங்க.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பலகை வண்டியை வெளிய இழுக்கற கருவி கிடையாது. நீங்க ஏற்கனவே நாலு வேலையைச் சரியா செஞ்சிருந்தா, அஞ்சாவதா அது உதவி பண்ணும். அந்த நாலையும் விட்டுட்டு நேரா பலகையை வெச்சா, பலகையும் போகும், நேரமும் போகும். சில இடத்துல வண்டியே போகும்.

சக்கரத்துக்குக் கீழ என்ன நடக்குது?

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ஒன்பதாம் கிளாஸ் பிசிக்ஸ்தான்.

ஆளு, சாமான் எல்லாம் ஏத்தின ஒரு பெரிய எஸ்யூவி 2,500 கிலோன்னு வெச்சுக்கோங்க. நாலு சக்கரம், அப்போ ஒரு சக்கரத்து மேல சுமாரா 625 கிலோ. தார் ரோட்டுல நாம டயர்ல 36 பி.எஸ்.ஐ காத்து வெச்சிருக்கோம். டயர் தரையைத் தொடற பரப்பு எவ்வளவுன்னு தோராயமா கண்டுபிடிக்க, எடையை பிரஷரால வகுத்தா போதும். கிட்டத்தட்ட 250 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு ஏ4 பேப்பர்ல பாதிகூட இல்ல! 625 கிலோவும் அந்தச் சின்ன இடத்துலதான் நிக்குது. தார் ரோடு தாங்கும். காஞ்ச மணல் தாங்காது, விலகி வழி விட்டுடும்.

இப்போ அதே டயர்ல காத்தை 18 பி.எஸ்.ஐக்கு இறக்குங்க. அதே கணக்குல 500 சதுர சென்டிமீட்டர் வரும். ஏ4 பேப்பர்ல முக்காலுக்கும் மேல. காசே செலவு பண்ணாம, பாதத்தை ரெண்டு மடங்கு ஆக்கிட்டோம். நிஜத்துல டயரோட பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும், அதனால கணக்கு துல்லியமா இருக்காது. ஆனா போற திசை அதுதான். இன்னொண்ணு, காத்து இறங்கினா டயர் அகலமா ஆகறதைவிட நீளமாத்தான் தரையில படியும். அதனால கட்டிங் பிளேடு மாதிரி மணலைக் கிழிக்காம, மேல உருண்டு போகும்.

அடுத்தது ஆக்ஸிலரேட்டர். வண்டி மணல்ல நின்னுடுச்சு. நம்ம கை கால் தானா என்ன பண்ணும்? இன்னும் அழுத்தி மிதிக்கும். சக்கரம் சுத்தும், ஆனா வண்டி நகராது. அப்போ சக்கரம் பண்றது ஒரே வேலை: தனக்குக் கீழ இருக்கற மணலை அள்ளி பின்னாடி வீசறது. மண்வெட்டி வேலை. நாலு செகண்ட் மிதிச்சா பாதி சக்கரம் உள்ள போயிடும்.

இதுல மோசமான கட்டம் இனிமேதான் வருது. சக்கரம் இறங்க இறங்க, வண்டியோட வயிறு, அதாவது சேஸிஸ், டிஃபரன்ஷியல், ஃபுட் போர்டு எல்லாம் மணல் மேல உக்காந்துடும். இப்போ வண்டி எடையைத் தாங்கறது யாரு? சக்கரமா, வயிறா? வயிறுதான். சக்கரம் சும்மா தொங்குது. பிடிமானம்ங்கறதே சக்கரத்து மேல விழற எடையைப் பொறுத்ததுதானே! எடை இல்லன்னா பிடிமானம் இல்ல. இந்த நிலையில நீங்க உலகத்துலயே விலை அதிகமான பலகையைச் சக்கரத்துக்கு முன்னாடி வெச்சாலும், சக்கரம் அதை அமுக்கிப் பிடிக்க முடியாது. வழுக்கிட்டு சுத்தும்.

அதனாலதான் சொல்றேன், மணல்ல சிக்கறது தானா நடக்கும், ஆனா புதையறது பெரும்பாலும் நம்ம வலது கால் பண்ற வேலை. சர்வர் டவுன் ஆச்சுன்னா லாக் கூட பாக்காம ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட்னு அடிக்கற ஆளு எல்லா டீம்லயும் ஒருத்தர் இருப்பாரு இல்லையா? அதே பழக்கம்தான். வித்தியாசம் என்னன்னா, இங்க ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் குழியை இன்னும் ஆழமாக்குது.

4x4 போட்டா போதாதா?

"நம்ம வண்டி ஃபோர் வீல் டிரைவ் ப்ரோ, இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

ரால்ஃப் பேக்னால்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர். 1920-கள்ல எகிப்துல வேலை. லீவு கிடைச்சா மத்தவங்க கிளப்புக்குப் போவாங்க, இவர் நண்பர்களைக் கூட்டிக்கிட்டு ஃபோர்டு காரை எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ள போயிடுவாரு. ஒட்டகத்தால மட்டும்தான் போக முடியும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்த மணல் மேடுகள்ல கார் ஓட்டிக் காட்டினாரு. அந்தக் கார்கள் எதுவுமே ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

எப்படி முடிஞ்சுது? மூணு விஷயம். வண்டியில தேவையில்லாததைக் கழட்டி எடையைக் குறைச்சாரு. டயர்ல காத்தை இறக்கினாரு. மூணாவதா, கெய்ரோவுல ஒரு பழைய சாமான் கடையில முதல் உலகப்போர் காலத்து இரும்புத் தகடுகள் கிடைச்சுது. பதுங்குகுழிக்குக் கூரை போடறதுக்காகச் செஞ்ச, நீளமான தொட்டி மாதிரி வளைஞ்ச தகடுகள். அதைச் சிக்கின சக்கரத்துக்கு அடியில குடுத்து வண்டியை ஏத்தினாரு. நம்ம ஆரஞ்சு பலகையோட கொள்ளுத் தாத்தா அதுதான்.

1940-ல, ரெண்டாம் உலகப்போர் நேரம், இதே பேக்னால்டு எகிப்துல லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்னு ஒரு படைப்பிரிவை ஆரம்பிச்சாரு. அவங்க லாரிகளோட பழைய போட்டோவைப் பாத்தீங்கன்னா பக்கவாட்டுல இந்த இரும்புத் தகடு மாட்டியிருக்கறது தெரியும். அப்புறம் 1941-ல மணல் எப்படிக் காத்துல நகருதுன்னு ஒரு புத்தகம் எழுதினாரு. அந்தத் துறையில இன்னைக்கும் அதைத்தான் ஆரம்பமா சொல்றாங்க. செவ்வாய் கிரகத்துல கியூரியாசிட்டி ரோவர் ஆய்வு பண்ண ஒரு மணல் மேட்டு வரிசைக்கே பேக்னால்டு பேரை வெச்சிருக்காங்க.

இரும்புத் தகடு கனமா இருந்துச்சு, அப்புறம் அலுமினியம் வந்துச்சு. 2005-ல ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல பிராட் மெக்கார்த்திங்கறவரு மேக்ஸ்டிராக்ஸ்ங்கற பேர்ல நைலான் பலகையைக் கொண்டு வந்தாரு. இன்னைக்கு நாம பாக்கற எல்லா பிராண்டும் ஏறக்குறைய அந்த வடிவம்தான். நீளம் சுமாரா 115 சென்டிமீட்டர், அகலம் 33. நம்ம கணக்குல சொன்னா ஆறு ஏ4 பேப்பர். பாதி பேப்பர்ல நின்ன எடையை ஆறு பேப்பருக்குப் பரப்புது. மேல இருக்கற பல் டயரைப் பிடிக்குது, கீழ இருக்கற வரிகள் மணலைப் பிடிக்குது, முனையில இருக்கற சரிவு சக்கரம் ஏற வழி குடுக்குது. அவ்வளவுதான் அதோட வேலை.

சரி, ஃபோர் வீல் டிரைவ் என்ன பண்ணும்? நாலு சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். ஆனா சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில, ஒரு ஆக்ஸில்ல எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அதுக்குத்தான் சுழற்சி போகும். இன்னொண்ணு அசையாம நிக்கும். அதனால பலகை வைக்கும்போது ஒரே பக்கம் ரெண்டையும் வைக்காம, இடது ஒண்ணு, வலது ஒண்ணுன்னு வைக்கணும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வெச்சா, பலகை இல்லாத சக்கரம் ஜாலியா சுத்திக்கிட்டே இருக்கும்.

இன்ஸ்கிப் பாயிண்ட்ல பாத்தது

வேலை விஷயமா நான் பிரிஸ்பேன்ல கொஞ்ச நாள் இருந்தேன். அங்க இருந்து வடக்க போனா இன்ஸ்கிப் பாயிண்ட்னு ஒரு இடம். அங்க இருந்துதான் கே'காரி தீவுக்கு வண்டியை ஏத்திக்கிட்டுப் போற படகு கிளம்பும். ஃபிரேசர் தீவுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2023-ல அந்த மண்ணோட பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வெச்ச பழைய பேரையே அதிகாரபூர்வமா ஆக்கிட்டாங்க. உலகத்துலயே பெரிய மணல் தீவு அது. அங்க கடற்கரையேதான் ஹைவே. எழுபத்தஞ்சு மைல் பீச்னு பேரு, மணிக்கு 80 கிலோமீட்டர்னு ஸ்பீட் லிமிட் வரைக்கும் உண்டு.

படகுக்குப் போற வழியில இருக்கற மணல் பொடி மாதிரி இருக்கும். நாங்க வரிசையில நிக்கறப்போ, முன்னாடி ஒரு வாடகை வண்டி சிக்கிடுச்சு. காலேஜ் பசங்க. ஓட்டறவன் மிதிக்கிறான், ரெண்டு பேரு பின்னாடி நின்னு தள்றாங்க, மணல் அவங்க மூஞ்சியில அடிக்குது. ஒருத்தன் பலகையை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னாடி தூக்கிப் போட்டான். சக்கரம் பலகையைத் தொட்டுச்சு, சுத்துச்சு, பலகை பின்னாடி சர்ர்னு பறந்து போச்சு. தள்ளிக்கிட்டு இருந்தவனோட காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. நூல் இழையில தப்பிச்சான்.

பக்கத்துல மீன் பிடிக்க வந்த ஒரு பெரியவர் தூண்டிலைக் கீழ வெச்சுட்டு மெதுவா நடந்து வந்தாரு. வந்ததும் அவர் சொன்னது, "முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணுப்பா. எல்லாரும் போய்த் தண்ணி குடிங்க." அவ்வளவுதான். அப்புறம் அவர் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு, முட்டி போட்டு அடியில பாத்தாரு. அதுக்கப்புறம் அவர் செஞ்ச வரிசையைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப்போறேன். கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆச்சு. அதுல பலகையை வெச்சு வண்டியை எடுத்தது கடைசி ஒரு நிமிஷம்தான்.

வரிசை முக்கியம்

ஒண்ணு, நிறுத்தறது. வண்டி முன்னேறலன்னு தெரிஞ்ச அந்த நொடியே காலை எடுத்துடுங்க. பிரேக்கையும் ஓங்கி அடிக்க வேண்டாம், ஏன்னா சக்கரத்துக்கு முன்னாடி மணல் குமிஞ்சிடும். பெரிசா புதையலன்னா, வந்த தடத்துலயே மெதுவா ரிவர்ஸ் ஒரு தடவை பாக்கலாம். நீங்க வந்த தடம் ஏற்கனவே அமுங்கின மணல், புது மணலைவிட அது கெட்டி. ஒரு தடவைதான். வரலன்னா எஞ்சினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு இறங்கிடுங்க.

ரெண்டு, பாக்கறது. எந்தச் சக்கரம் அதிகமா இறங்கியிருக்கு? வயிறு தட்டியிருக்கா? முன்னாடி போறது சுலபமா, பின்னாடி போறதா? பெரும்பாலும் பின்னாடிதான் சுலபம். ஆனா நாம முன்னாடியே பாத்து நிப்போம், ஏன்னா போகவேண்டிய இடம் அங்க இருக்கு.

மூணு, காத்தை இறக்கறது. நிறைய வண்டி இதுலயே வெளிய வந்துடும், பலகையே தேவைப்படாது. மணல்ல இறங்கறதுக்கு முன்னாடியே 18, 20-ன்னு இறக்கியிருக்கணும். இறக்கியிருந்தும் சிக்கிட்டா, இன்னும் கொஞ்சம், 15 வரைக்கும் போகலாம். ரொம்பக் கீழ போனா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும், அதனால காத்து கம்மியா இருக்கறப்போ சடார்னு திருப்பறதோ வேகமா போறதோ கூடாது. திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்கணும், அதுக்குக் கையடக்க கம்ப்ரஸர் வண்டியில இருக்கணும். இந்தச் செலவைச் சேர்த்துத்தான் பலகையோட விலையைக் கணக்குப் போடணும்.

நாலு, தோண்டறது. யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனா இங்கதான் ஜெயிப்பு தோல்வி முடிவாகுது. வயித்துக்கு அடியில தட்டற மணலை எடுக்கணும், அப்போதான் எடை திரும்பச் சக்கரத்துக்கு வரும். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாடி, அதாவது போகப்போற பக்கம், சாய்வா ஒரு வழி வெட்டணும். செங்குத்தான சுவரா விட்டா சக்கரம் ஏறாது. நீளக் கைப்பிடி உள்ள மண்வெட்டி இருந்தா நல்லது, ஏன்னா வண்டிக்கு அடியில உடம்பை நுழைக்காமலே மணலை இழுக்கலாம். தலையையோ கையையோ வண்டிக்கு அடியில நீட்டித் தோண்டவே கூடாது. மணலை எடுக்க எடுக்க வண்டி கீழ இறங்கும்.

அஞ்சு, இப்போ பலகை. போற திசையில முன்னாடி இருக்கற ரெண்டு சக்கரத்துக்கு வைக்கறது வழக்கம், ஏன்னா அதே பலகை மேல பின்னாடி வர்ற சக்கரமும் ஏறும். பின்சக்கரம்தான் ரொம்ப ஆழமா போயிருக்குன்னா அங்க வைங்க. பலகையோட முனையை டயருக்கு அடியில எவ்வளவு நுழைக்க முடியுமோ அவ்வளவு நுழைக்கணும். டயரோட பட்டைக்கும் பல்லுக்கும் நல்லா தொடர்பு இருக்கணும். பலகை வண்டி போற கோட்டுல நேரா இருக்கணும், முடிஞ்சவரை படுத்த மாதிரி இருக்கணும். ஸ்டீயரிங் நேரா.

ஆறு, ஆட்களைத் தள்ளி நிறுத்தறது. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். பலகை ரெண்டு பக்கமும் பறக்கும். ஒரே ஒருத்தர் மட்டும் பக்கவாட்டுல, நல்லா தள்ளி, டிரைவர் கண்ணுக்குத் தெரியற இடத்துல நின்னு கையைக் காட்டணும். தள்றதுக்கு ஆள் தேவையில்ல.

ஏழு, மெதுவா எடுக்கறது. லோ ரேஞ்ச் இருந்தா லோ ரேஞ்ச். ஃபர்ஸ்டோ செகண்டோ கியர். ஆக்ஸிலரேட்டரை முட்டை மேல கால் வைக்கற மாதிரி வைங்க. சக்கரம் ஏறி, பல்லைப் பிடிச்சு, உருளணும். சுத்தினா உடனே நிறுத்துங்க. இது ரொம்ப முக்கியம். டயர் ஒரே இடத்துல சுத்தினா உராய்வுச் சூட்டுல நைலான் பல் உருகிடும். ரெண்டு செகண்ட்ல வழவழன்னு ஆயிடும். அப்புறம் அது பலகை இல்ல, சறுக்குமரம். சுத்துதுன்னா அர்த்தம், நீங்க இன்னும் சரியா தோண்டலன்னுதான். திரும்ப நாலாவது படிக்குப் போங்க.

எட்டு, வெளிய வந்ததும் நிக்காதீங்க. "ஹேய் வந்துடுச்சு"ன்னு அங்கயே பிரேக் போட்டா அதே மணல்ல திரும்பச் சிக்கும். கெட்டித் தரை வர்ற வரைக்கும் போய் நிறுத்திட்டு, நடந்து வந்து பலகையை எடுங்க. அது மணலுக்குள்ள புதைஞ்சு போயிருக்கும். அது ஏன் பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல இருக்குங்கறதுக்குக் காரணம் இதுதான். பலகையோட பின்முனையில ஒரு கயிறு கட்டி மணலுக்கு மேல விட்டு வைங்க, தேடற வேலை மிச்சம்.

கயிறு கட்டி இழுத்தா சீக்கிரம் முடியுமே?

இன்னொரு வண்டி இருந்தா கயிறு கட்டி இழுக்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். முடியும். ஆனா அதுல உயிர் ஆபத்து இருக்கு, அதை லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்ல.

வண்டியை இழுக்கற ஸ்ட்ராப் சிலது ரப்பர் மாதிரி நீளும். முன்னாடி இருக்கற வண்டி ஓடி இழுக்கும்போது அதுக்குள்ள நிறைய சக்தி சேருது. எங்கயாவது ஒரு இடம் விட்டுதுன்னா அந்தச் சக்தி மொத்தமும் அந்த உடைஞ்ச துண்டுல போய்ச் சேரும். டிரெய்லர் மாட்டற இரும்பு உருண்டை இருக்கே, டோ பால், அது நிதானமா டிரெய்லர் இழுக்கத்தான் செஞ்சது. இந்த மாதிரி வெடுக்குன்னு வர்ற இழுப்பைத் தாங்கறதுக்கு இல்ல. அதுல ஸ்ட்ராப்பை மாட்டி இழுத்து, அது உடைஞ்சு, பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து ஆட்கள் செத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல இது ஒரு தடவைக்கு மேலயே நடந்திருக்கு.

பலகையில அந்த மாதிரி சேத்து வெச்ச சக்தி எதுவும் கிடையாது. அது பறந்தாலும் சக்கரம் வீசற வேகம்தான். ஆளைத் தள்ளி நிறுத்தினா போதும். தனி வண்டியா போனாலும் வேலை செய்யும். அதனால அரை மணி நேரம் வேர்த்து ஊத்தித் தோண்டறது, அஞ்சு நிமிஷத்துல இழுக்கறதைவிட நல்ல டீல். இழுத்துத்தான் ஆகணும்னா, வண்டி மேனுவல்ல ரெக்கவரிக்குன்னு சொல்லியிருக்கற பாயிண்ட்ல மட்டும் மாட்டுங்க. எல்லாரும் ரொம்ப தூரம் தள்ளி நில்லுங்க.

கடல் காத்திருக்காது

"அரை மணி நேரம் தோண்டு"ன்னு நான் சுலபமா சொல்றேன். கே'காரி மாதிரி இடத்துல கடல் ஏறி வரும். அதனாலதான் அங்க அலை ஏற்றத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியும், ரெண்டு மணி நேரம் பின்னாடியும் பீச்ல ஓட்டாதீங்கன்னு சொல்றாங்க. அந்த டைம் டேபிளைப் பாக்காம போனவங்களோட வண்டி உப்புத் தண்ணியில நிக்கற போட்டோ நிறைய இருக்கு.

இங்கதான் பதட்டம் வேலையைக் காட்டும். தண்ணி வருது, அதனால இன்னும் மிதிக்கிறோம், இன்னும் புதையுது. தண்ணி வர்றப்போ உங்ககிட்ட இருக்கற நேரம் கம்மி, அதனாலதான் அந்த நேரத்தைத் தோண்டறதுல செலவு பண்ணணும். உதவி கேக்கறதையும் தள்ளிப்போடாதீங்க. அப்புறம் ஒரு கட்டத்துல, தண்ணி கிட்ட வந்துடுச்சுன்னா, வண்டியை விட்டுட்டு மேல ஏறிடுங்க. வண்டிக்கு இன்ஷூரன்ஸ்ல வழி இருக்கோ இல்லையோ, ஆள் போனா வராது.

இந்தப் பொறுமைக்கு ஒரு உச்ச உதாரணம் சொல்றேன். 2009-ல செவ்வாய் கிரகத்துல ஸ்பிரிட் ரோவர் மெல்லிசா இருந்த மேல் ஓடு உடைஞ்சு பொலபொலன்னு இருந்த மணல்ல சிக்கிச்சு. அங்க பலகை வைக்க ஆள் இல்ல, தோண்ட ஆள் இல்ல. நாசா எஞ்சினியர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? ரோவரை நிறுத்திட்டு, பூமியில ஒரு மணல் தொட்டி கட்டி, அதே மாதிரி ரோவரை அதுல சிக்க வெச்சு, மாசக்கணக்குல டெஸ்ட் பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் நவம்பர்ல முதல் முயற்சி. கடைசில அது வெளிய வரல. 2010 ஜனவரியில, இனிமே இது ஒரே இடத்துல நின்னு ஆய்வு பண்ணும்னு அறிவிச்சுட்டாங்க. எல்லாம் சரியா செஞ்சும் சில நேரம் வராது. ஆனா வர வாய்ப்பு இருந்த ஒரே வழி அதுதான்.

உங்க கேள்விகள்

"விலை கம்மியான பலகை வாங்கலாமா?" எப்பவாவது போறவங்களுக்கு ஓகே. உங்க வண்டி எடையைத் தாங்குமான்னு பாருங்க. பொருள் என்னன்னு பாருங்க. கண்ணாடி நார் கலந்த நைலான் நல்லா தாங்கும். சாதா பிளாஸ்டிக் வளையும், வெயில்ல கிடந்து நொறுங்கும். ஆனா எந்தப் பலகையையும் ரெண்டு பாறைக்கு நடுவுல பாலம் மாதிரி போடாதீங்க. பெரும்பாலானது அதுக்காகச் செஞ்சது இல்ல.

"ரெண்டு போதுமா, நாலு வேணுமா?" பெரும்பாலும் ரெண்டு போதும், நல்லா தோண்டினா. நாலு சக்கரமும் இறங்கியிருந்தா, இல்ல வண்டி ரொம்ப கனமா இருந்தா, நாலு இருந்தா வசதி.

"கார் மேட் வைக்கலாமா?" வேற வழியே இல்லன்னா வைக்கலாம். லேசா சிக்கின வண்டிக்கு உதவும். ஆனா அது பலகையைவிட வேகமா பறக்கும்.

ஷார்ஜாவுல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, "வீக்கெண்ட்ல டெசர்ட் டிரைவ் போறோம், இதே முறைதானா?" ஆமா அக்கா, இதே வரிசைதான். ரெண்டு விஷயம் மட்டும் கூடுதல். மணல் மேட்டு உச்சியில வண்டி வயிறு தட்டி நின்னா, பலகைக்கு முன்னாடி நடுவுல இருக்கற மேட்டைத் தோண்டித் தள்ளணும், வேற வழி இல்ல. சரிவுல சாஞ்சு நிக்கற வண்டின்னா, கீழ்ப்பக்கம் ஒருத்தரும் நிக்கக்கூடாது, அது உருளலாம். அப்புறம் ஒத்தை வண்டியா போகாதீங்க. கோடையில ஒரு மணி நேரம் தோண்டறதுக்கு உடம்புல எவ்வளவு தண்ணி வேணும்னு யோசிச்சு, அதுக்கு மேலயே எடுத்துக்கோங்க.

சரி மக்களே, முடிச்சுக்கலாம். இன்னைக்கு எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும்னா, அது இதுதான்: வண்டி நின்னதும் வர்ற முதல் அஞ்சு செகண்ட். அதுல காலை எடுத்துட்டீங்கன்னா, மீதி எல்லாம் மண்வெட்டியும் பொறுமையும் இருந்தா முடியற வேலை. வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். இந்த வாரம் மேனுவலை எடுத்து ரெக்கவரி பாயிண்ட் எங்க இருக்குன்னு பாருங்க, டயர் கேஜ் வேலை செய்யுதான்னு பாருங்க. கூரையில பலகை கட்டியிருக்கீங்கன்னா, அதைக் கழட்டற ஸ்பேனர் வண்டியிலயே இருக்கான்னும் பாருங்க!

கேள்வி இருந்தா எப்பவும் போல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க.